கொடைமடமும் குருவிக்குஞ்சும்

கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய பேகன் மயிலுக்குப் போர்வை ஈந்தான் என்னும் செய்தியை அறியாத தமிழ் மாணவர் இலர். மயில் குளிரால் நடுங்கிற்றா, மழைமுகில் கண்டு மகிழ்ந்து அகவிற்றா என்று அவன் ஆராயவில்லை. கொடுத்த போர்வையை மயில் போர்த்துக்கொள்ளுமா என்றும் எண்ணிப் பார்க்கவில்லை. தன் தோள்மேற் கிடந்ததை எடுத்து ஈந்துவிட்டான். அப்பேகனைப் பாடிய பரணர் 'கொடைமடம்' என்றொரு சொல்லை ஆண்டுள்ளார். மடம் என்பது ஈண்டு அறியாமையைக் குறிக்கும்; ஆயினும் இகழத்தக்க அறியாமையாக அதனைச் சான்றோர் கொள்ளவில்லை. ஈயும் உள்ளம் கணக்குப் பார்ப்பதில்லை என்பதே அதன் கருத்து. பாரி முல்லைக்குத் தேர் ஈந்ததையும் இவ்வகையில் அடக்குவர்.

வகுப்பில் இச்சொல்லை நாம் விளக்கும்போது மாணவர் நகைப்பதுண்டு. ஆனால் இதே கொடைமடம் இன்றளவும் நம் வீட்டு முற்றங்களில் நிகழ்ந்துகொண்டுதான் இருக்கிறது. அடிபட்டு வீழ்ந்த பறவையொன்றைப் பிள்ளைகள் கையில் ஏந்தி வருகின்றனர். ஒருவன் கரண்டியில் பால் கொணர்கிறான். ஒருத்தி சோற்றுப் பருக்கையை அலகில் திணிக்கிறாள். பாட்டியார் மஞ்சளைத் தேங்காயெண்ணெயில் குழைத்துச் சிறகில் தடவுகிறார். பெரியவன் துடைப்ப ஈர்க்கை ஒடித்துக் காலுக்குக் கட்டுப் போடுகிறான். மறுநாட் காலையில் பறவை விறைத்துக் கிடக்கிறது, பிள்ளைகள் அழுகின்றனர். பேகனுடைய போர்வையால் மயிலுக்கு ஊறொன்றும் நேரவில்லை. நம் பிள்ளைகளின் பாலோ குருவியின் உயிரைக் குடித்துவிடுகிறது. அவ்வாறு ஆவது எதனால், பறவைக்கு மெய்யாகவே வேண்டுவது எது என்பனவற்றைச் சற்று விரிவாகக் காண்போம்.

தரையில் கிடக்கும் குஞ்சு

முதற்கண் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகள் எடுத்துவரும் பறவைகளுள் பல, காயமே படாதவை. பறக்கப் பழகும் இளங்குஞ்சுகள். பங்குனி முதல் ஆடி வரையிலான மாதங்களில் மைனா, கொண்டைக்குருவி, காகம் முதலியவற்றின் குஞ்சுகள் இறகு முளைத்தும் பறக்கும் வலிமை வாராத நிலையிலேயே கூட்டை விட்டு இறங்கிவிடும். வால் குட்டையாக இருக்கும். வாயோரம் மஞ்சள் மாறாதிருக்கும். தத்தித் தத்தி நடக்கும். சில நாள்கள் இவ்வாறு தரையிலும் புதரிலும் திரிந்தே அவை பறக்கக் கற்கின்றன. தாயும் தந்தையும் அண்மையிலுள்ள மரத்தில் இருந்துகொண்டு அவ்வப்போது இறங்கி இரையூட்டும். நாம் சூழ்ந்து நிற்கும்வரை அவை இறங்கி வாரா. வாராமை கண்டு, 'தாயில்லாக் குஞ்சு' என்று நாமே முடிவுகட்டி வீட்டுக்கு எடுத்துச் செல்கிறோம். மரத்திலிருந்து இரு பறவைகள் அதனைப் பார்த்துக் கதறிக்கொண்டிருக்கும். இதனைக் காப்பாற்றுதல் என்பதா, கடத்திச் செல்லுதல் என்பதா?

இத்தகைய குஞ்சுக்குச் செய்யத்தக்கது மிகச் சிறிது. சாலையிலோ பூனை உலவும் இடத்திலோ கிடப்பின், அருகிலுள்ள புதரிலோ தாழ்ந்த கிளையிலோ வைத்துவிட்டு அகன்று நிற்க வேண்டும். இறகே முளையாத, கண் திறவாத பச்சைக்குஞ்சின் நிலை வேறு. அது கூட்டிலிருந்து தவறி வீழ்ந்தது. கூட்டிலேயே மீள வைத்தல் வேண்டும். கூடு காற்றில் சிதைந்து போயிருந்தால், அடியில் துளையிட்ட சிறு கூடையொன்றில் தென்னை நாரைப் பரப்பி, பழைய கூடு இருந்த இடத்துக்கு அண்மையில் கட்டிவைத்தால் தாய் வந்து இரையூட்டக் காணலாம். ஓரிரு மணி நேரம் தொலைவில் நின்று கவனித்தால் தாய் வருகிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

மனிதன் தொட்ட குஞ்சைத் தாய் சேர்க்காது என்னும் நம்பிக்கை நம்மூர்களில் ஆழ வேரூன்றியுள்ளது. அது பிழையான நம்பிக்கை. மனித வாடையைக் கண்டு தன் குஞ்சை ஒதுக்கிவிடும் வழக்கம் பறவைகளுக்கு இல்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பயணமொன்றில் தோழர்கள் சிலர் ஒரு சிறு பறவையின் குஞ்சுகள் இரண்டை எடுத்து வந்துவிட, தாய்ப்பறவை தாழப் பறந்து சிறகடித்துப் பதறிற்று. அதனைக் கண்ட நபியவர்கள் குஞ்சுகளைத் தாயிடமே திருப்பிவிடப் பணித்தார்கள் என்னும் செய்தி அபூதாவூத் தொகுப்பில் உள்ளது. மனிதர் கைபட்ட குஞ்சுகளே அவை என்பதை ஈண்டு நினைவுகூரலாம்.

பறவையின் உடம்பு

மெய்யாகவே காயமுற்ற பறவைக்கு நாம் இழைக்கும் தீங்குகள் பெரும்பாலும் அதன் உடலமைப்பை அறியாமையால் நேர்வன. பறவையின் வாயைத் திறந்து பார்த்தால் நாவின் அடிப்புறத்திலேயே மூச்சுக்குழலின் வாயில் சிறு பிளவாகத் தென்படும். நமக்குள்ளது போன்ற குரல்வளை மூடி அதற்கு இல்லை. தானே குடிக்கும்போது பறவை அப்பிளவை மூடிக்கொள்ளும். மயங்கிக் கிடக்கையில் நாம் ஊற்றும் நீரோ பாலோ நேரே மூச்சுக்குழலுள் இறங்கிவிடும். அளவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சிட்டுக்குருவியின் எடை ஏறத்தாழ 25 கிராம். தேக்கரண்டியொன்றின் கொள்ளளவு 5 மில்லி லிட்டர். 50 கிலோ எடையுள்ள ஒருவரைப் படுக்க வைத்து, அவர் வாயில் 10 லிட்டர் நீரை ஒரே முறையில் ஊற்றுவதற்கு இஃது ஒப்பாகும். பாலில் மற்றுமொரு கேடும் உண்டு. பாலூட்டிகளுக்கே உரிய பாற்சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் பறவைக் குடலுக்கு இல்லை. வயிற்றுப்போக்கு உண்டாகி, இருக்கும் நீரும் வற்றிவிடும்.

இறுகப் பிடித்தலும் ஆகாது. நமக்கு மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே உதரவிதானம் என்னும் தசைத்திரை இருந்து மூச்சை இயக்குகிறது. பறவைக்கு அத்திரை இல்லை. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைவதாலேயே அதற்குக் காற்று உட்புகும். தப்பிவிடுமோ என்று அஞ்சிப் பிள்ளை மார்பைச் சுற்றி இறுக்கிப் பிடித்தால், அலகும் மூக்கும் திறந்திருக்கவும் பறவை மூச்சடைத்துப் போகும். 'கைக்குள்ளேயே செத்துவிட்டது' என்று பிள்ளைகள் திகைப்பதன் காரணம் பல வேளைகளில் இதுவே.

உடம்பின் சூடும் பலரை மயக்குவது. பறவைகளின் இயல்பான உடல்வெப்பம் ஏறக்குறைய 40 முதல் 42 பாகை செல்சியஸ். நம் கைக்கு அது காய்ச்சலாகத் தோன்றும். காய்ச்சலெனக் கருதிக் குளிர்ந்த நீரால் நனைத்தால், அதிர்ச்சியில் இருக்கும் பறவை தன் சூட்டை இழந்து ஒடுங்கிவிடும். எண்ணெய் பட்ட இறகும் அவ்வாறே சூட்டைத் தாங்கும் தன்மையை இழக்கும். ஆதலின் பாட்டி வைத்தியம் பாட்டிக்கும் பேரனுக்கும் மட்டும் ஆகுக.

பெரியவர்களும் அறியாத ஒன்று உளது. கையில் அசையாமற் கிடக்கும் பறவையைக் கண்டு, 'என்னிடம் பழகிவிட்டது' என்று பிள்ளை பூரிக்கும். தலையை வருடிக் கொடுக்கும். பறவையின் கண்ணுக்கு நாம் அதனைப் பற்றிய ஒரு பெருவிலங்கு. பூனையின் வாயில் அகப்பட்டதுபோலவே அது நம் கையிலும் அச்சத்தால் உறைந்து கிடக்கிறது. ஒவ்வொரு வருடலும் அவ்வச்சத்தை மிகுவிக்கும். அச்ச மிகுதியால் மட்டுமே இறந்துபோகும் பறவைகளும் உண்டு.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? ஓர் அட்டைப்பெட்டி போதும். செருப்புக் கடையில் கிடைக்கும் பெட்டியே சிறு பறவைக்குப் பொருந்தும். பக்கங்களில் காற்றுத் துளையிட்டு, அடியில் பழைய பருத்தி வேட்டித் துண்டை விரிக்கலாம். நூல் வளையங்கள் உள்ள துவாலை வேண்டா; நகம் சிக்கும். கம்பிக்கூண்டும் வேண்டா, மோதி இறகு ஒடியும். மெல்லிய துணியைப் பறவையின் மேலிட்டு, சிறகுகளை உடலோடு சேர்த்து, மார்பை அழுத்தாமல் எடுத்து உள்ளே விட்டு மூடிவிட வேண்டும். இருள் சூழ்ந்ததும் பறவை அமைதியுறும். சந்தடியற்ற அறையில் வைத்துத் திறந்து திறந்து பாராமல் இருப்பதே அதற்கு முதல் மருத்துவம். குஞ்சாயினும் மழையில் நனைந்ததாயினும், வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வைக்கலாம். சூடு மிகின் மறுபக்கம் ஒதுங்க இடம் வேண்டும் அன்றோ? கோடையில் அதுவும் வேண்டா. தானே எழுந்து நிற்கும் பறவைக்கு ஆழமில்லாத தட்டில் நீர் வைத்தால், வேண்டுமெனின் குடிக்கும்.

ஆறுமணிக் குருவி

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஐப்பசி மழை தொடங்கியிருந்த ஒரு காலையில், எம் தெருப் பிள்ளைகள் நால்வர் பறவையொன்றைச் சட்டைத் துணியில் பொதிந்து எம்மிடம் கொணர்ந்தனர். பச்சை முதுகு, நீலத் தோள், செந்நிற அடிவயிறு, கண்ணின் குறுக்கே கரும்பட்டை, குட்டை வால். கிளி என்றான் ஒருவன். மீன்கொத்தி என்றான் மற்றொருவன். அடுத்த தெருவில் ஒரு மாடி வீட்டின் கண்ணாடிச் சன்னலின் கீழே கிடந்ததாம். "மாமா, உடம்பு கொதிக்குது, செத்துடுமா?" என்றாள் அவர்களுள் இளையவள்.

அது தோட்டக்கள்ளன் என்றும் ஆறுமணிக் குருவி என்றும் வழங்கப்பெறும் பறவை. காலை ஆறு மணியளவிலும் மாலை ஆறு மணியளவிலும் குரலெழுப்புவதால் இப்பெயர் பெற்றது. இமயத்தின் அடிவாரங்களிலும் நடு இந்தியக் காடுகளிலும் கோடையில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தைக் கழிக்கத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருவது. ஐம்பது அறுபது கிராம் எடையுள்ள இச்சிறு பறவை இரவில் நெடுந்தொலைவு பறந்து, களைப்பின் மிகுதியால் வீட்டு முற்றங்களில் இறங்கும். விளக்கொளியாலும் கண்ணாடியாலும் ஏமாந்து மோதும். தமிழகத்து ஊர்களில் ஆண்டுதோறும் இப்பருவத்தில் இது நிகழ்கிறது. மோதிய பறவைகளுள் சில தலையில் அடிபட்டு இறந்துவிடும். சில மயங்கிக் கிடந்து தெளியும்.

பிள்ளைகள் அரிசி கொண்டுவந்திருந்தனர். இப்பறவை அரிசி தின்னாது; தரையில் சருகைக் கிளறிப் பூச்சியும் புழுவும் பொறுக்குவது. அலகைக் கண்டே இரையை ஒருவாறு உய்த்துணரலாம். கூலமணி உடைக்கும் குருவிக்கு அலகு தடித்துக் குறுகியிருக்கும். மீன் குத்தும் பறவைக்கு ஈட்டிபோல் நீண்டிருக்கும். ஊன் கிழிப்பதற்கு முனை வளைந்திருக்கும். பெயர் தெரியாத பறவைக்கு உணவு கொடாதிருப்பதே நலம். ஒரு பொழுது பட்டினியால் வளர்ந்த பறவை பெரும்பாலும் இறந்துவிடாது. பொருந்தா உணவால் இறக்கக்கூடும்.

'இதன் பெயரென்ன?' என்னும் வினா சிறுவன் ஒருவனை எவ்வளவு தூரம் கொண்டு செல்லும் என்பதற்குச் சான்று சாலிம் அலி (1896–1987). பம்பாயில் சிறுவனாக இருந்தபோது அவர் சுட்டு வீழ்த்திய குருவியின் கழுத்தில் மஞ்சட் கறை இருந்தது. இஃது உண்ணத்தகுந்த ஹலாலான குருவிதானா என்ற ஐயத்தோடு மாமாவிடம் கொண்டுபோனார். மாமாவுக்கும் அது இன்ன குருவி என்று விளங்கவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் மில்லார்டு என்பாரிடம் அனுப்பிவைத்தார். அவர் பெட்டி பெட்டியாகப் பாடம் செய்து வைத்திருந்த பறவைகளைத் திறந்து காட்ட, இந்தியப் பறவையியலுக்கு ஒரு பேராசான் கிடைத்தார். அவருடைய தன்வரலாற்றின் தலைப்பே ஒரு குருவி வீழ்ந்ததைக் குறிப்பது. அது 1985இல் வெளிவந்தது.

நம் ஆறுமணிக் குருவி பெட்டிக்குள் பகல் முழுதும் இருந்தது. ஒவ்வொரு மணிக்கும் பிள்ளைகள் வந்து, "பார்க்கலாமா மாமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தனர். நண்பகலுக்குப் பின் உள்ளே நகங்கள் பிறாண்டும் ஓசை கேட்டது. சிறகில் தொய்வில்லை, இரு கண்ணும் ஒத்துத் திறந்திருந்தன. மழை ஓய்ந்து வெயில் தலைகாட்டிய வேளையில், அது கிடந்த வீட்டுக்கு அடுத்த தோப்பின் ஓரத்தில் பெட்டியைச் சாய்த்து வைத்துத் திறந்தோம். இரண்டு நொடி நின்றது. மருதாணிப் புதருக்குள் ஓடி மறைந்தது. பிள்ளைகளுக்குப் பெருத்த ஏமாற்றம். வானில் பறந்து சுற்றி வந்து தங்களைப் பார்க்கும் என்று அவர்கள் எதிர்பார்த்திருந்தனர்போலும்! பறவையை மேலே எறிந்து 'பறக்கிறதா' என்று சோதிக்கும் வழக்கம் ஒன்று உண்டு; ஒருவன் அதற்கும் முனைந்தான். மயக்கம் தெளியாத பறவை அவ்வாறு எறியப்படின் இரண்டாம் முறையாக அடிபடும் என்று தடுத்தோம்.

மருத்துவர் வேண்டும் காயங்கள்

எல்லாம் பெட்டியோடு முடிவதில்லை. பூனை கவ்விய பறவை, மேலே ஒரு கீறலும் இல்லாததுபோல் தோன்றினும், தப்பியதாகக் கொள்ளலாகாது. பூனையின் பல்லிலும் உமிழ்நீரிலும் உள்ள நுண்ணுயிர் ஊசிமுனை அளவுள்ள துளை வழியாகவும் குருதியில் கலந்து ஓரிரு நாளில் பறவையைக் கொல்லும். அதற்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை அன்றே தொடங்க வேண்டும். மருந்தையும் அளவையும் கால்நடை மருத்துவரே முடிவுசெய்ய இயலும். ஒடிந்த எலும்பும் அத்தகையதே. பறவை எலும்பு நம்முடையதைக் காட்டிலும் விரைந்து கூடும். இரண்டு மூன்று வாரங்களில் இறுகிவிடும். கோணலாகக் கூடிவிட்டால் பின்னர் நேராக்குதல் அரிது; கோணற் சிறகோடு பருந்து இரை பிடிக்காது, வலசைப் பறவை ஊர் திரும்பாது. ஈர்க்குக்கட்டு ஆகாது என்றது இதனாலேயே.

இக்காலத்தில் மாஞ்சா நூலின் கொடுமை பெரிது. கண்ணாடித் தூள் பூசிய நூல் மரத்திலும் கம்பியிலும் சிக்கிக் கிடந்து, பறக்கும் பறவையின் சிறகைத் தசையும் நரம்பும் அற அறுத்துவிடும். நைலான் முதலிய செயற்கை இழையாலான மாஞ்சாவுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் நாடு முழுதும் தடை விதித்தது. நூல் சுற்றிய பறவையைக் கண்டால் இழுத்துப் பிரிக்கக் கூடாது. நூலின் இருபுறத்தையும் கத்தரித்து, சிக்கலோடேயே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

தில்லியில் நதீம் ஷெஹ்சாத், முகம்மது சவூத் என்னும் உடன்பிறந்தார் இருவர் இளமையில் காயமுற்ற கரும்பருந்து ஒன்றைக் கண்டெடுத்துப் பறவை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். பருந்து ஊன் உண்ணும் பறவை. ஆதலின் ஏற்க இயலாது என்று திருப்பி அனுப்பப்பட்டனர். புறாவுக்காகத் தன் தசையை அரிந்து கொடுத்த சிபியின் கதையைப் புறநானூற்றுப் புலவர்களும் சோழர் குடிப்பெருமையாகப் போற்றினர். அக்கதையில் பருந்துக்கும் பசி உண்டு. அதன் பசிக்கும் சிபி விடை கூற வேண்டியிருந்தது என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். அவ்வுடன்பிறந்தார் மறக்கவில்லை. 2003 முதல் தம் வீட்டிலேயே பருந்துகளுக்கு மருத்துவம் செய்யத் தொடங்கினர். உடற்பயிற்சியில் ஈடுபட்டவர்கள் ஆதலின் தசையும் நரம்பும் இயங்கும் முறையை ஓரளவு அறிந்திருந்தனர், எஞ்சியதைக் கற்றுக்கொண்டனர். பல்லாயிரம் பறவைகள் அவர்கள் கைக்கு வந்துள்ளன. அவர்களைப் பற்றி ஷௌனக் சென் எடுத்த ஆவணப்படம் 2022இல் சண்டான்ஸ், கான் ஆகிய திரைவிழாக்களில் விருது பெற்றது. இரக்கத்தோடு தொடங்கிய பணி, தையல் ஊசியும் மருந்தளவும் கற்றதனால் நிலைத்தது.

நம் நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளத்திலும் இத்தகைய ஒருவர் வாழ்ந்து காட்டினார். ஊருக்குள் இருக்கும் மரங்களிலேயே நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டும் சிற்றூர் அது. காற்றில் கூட்டிலிருந்து வீழ்ந்த குஞ்சுகளைப் பால்பாண்டி என்னும் பறவைக் காவலர் தம் மனைவியாரோடு சேர்ந்து எடுத்து, மீன் ஊட்டி வளர்த்துப் பறக்கவிட்டார். சோறும் ரொட்டியும் ஊட்டி வளர்க்கும் குஞ்சுக்குச் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து கால் வளைந்துவிடும் என்பதனை ஈண்டு ஒப்பிட்டு உணரலாம்.

கையில் வைத்துக்கொள்ளலாமா?

காயம் ஆறியபின் 'நாமே வளர்ப்போமே' என்று பிள்ளைகள் கெஞ்சுவர், பெரியோரும் இசைவர். கிளிக்குஞ்சு என்றால் கூண்டு வாங்கியே வந்துவிடுவர். சட்டம் இதற்கு இடந்தரவில்லை. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 2022ஆம் ஆண்டுத் திருத்தமும் பச்சைக்கிளி உட்பட நம் நாட்டுக் காட்டுப்பறவைகளுள் மிகப் பெரும்பாலானவற்றைப் பிடிப்பதையும் வளர்ப்பதையும் குற்றமாக்கியுள்ளன. அரசின் உடைமையாகக் கருதப்படும் காட்டுயிர் எவ்வகையிலேனும் ஒருவர் கைக்கு வந்தால், 48 மணி நேரத்துக்குள் காவல்நிலையத்துக்கோ உரிய அலுவலருக்கோ தெரிவிக்க வேண்டும் என்பது அதன் 39ஆம் பிரிவு. வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டு, அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதலே நேர்வழி. சட்டத்தை விடுத்து நோக்கினும், மனிதன் கையில் வளர்ந்த குஞ்சு மனிதனுக்கு அஞ்சாது. இனத்தின் குரலை அறியாது. பின்னர் விடுவித்தால் முதலில் வரும் பூனையிடமோ கல்லெறியும் சிறுவனிடமோ தானே சென்று நிற்கும்.

விடுவிக்குமிடம், இயன்றவரை, கண்டெடுத்த இடமாகவே இருத்தல் வேண்டும். பகற்பறவையைக் காலையில் விடுவிப்பது நன்று. கூகையும் ஆந்தையும் மாலை மயங்கியபின். பகலில் விட்டால் காகக் கூட்டம் சூழ்ந்து கொத்தும். அபசகுனம் என்று அவற்றை நம்மவர் அடித்து விரட்டுவதைக் குறித்து என் சொல்வது! வயலெலியைத் தின்று நெல்லைக் காக்கும் பறவை அது.

பிள்ளைகளின் நலத்தையும் மறத்தலாகாது. மடையான், கொக்கு ஆகியவை அண்மையில் உள்ளவரின் கண்ணையே குறிபார்த்துக் குத்தும்; பருந்தின் நகம் ஆழக் கிழிக்கும். இவற்றைப் பெரியவர்களே துணியிட்டு எடுக்க வேண்டும். பல பறவைகள் ஒரே இடத்தில் ஒருங்கே மடிந்து கிடந்தால், பறவைக்காய்ச்சலாகவும் இருக்கலாமாதலின் தொடாமல் கால்நடைப் பராமரிப்புத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

எல்லாம் முறைப்படி செய்தும் பறவை இறந்துவிடக்கூடும். 'பிழைத்துவிடும்' என்று முதலிலேயே வாக்களிப்பது பிள்ளைக்குச் செய்யும் நன்மை ஆகாது. 'நம்மால் ஆவதைச் செய்வோம், சாகவும் கூடும்' என்று சொல்லிவிடலாம். பிள்ளைகள் நாம் கருதுவதைவிட உறுதியுடையவர்கள். அபூ உமைர் என்னும் சிறுவன் தன் சிட்டு இறந்ததால் வாடியிருந்தான். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவனைப் பெயர் சொல்லி அழைத்து, அந்தச் சிட்டு என்னவாயிற்று என்று விசாரித்தார்கள். சிறுவனின் துயரத்தை அவர்கள் சிறிதென ஒதுக்கவில்லை. இறந்த பறவையைக் குப்பையில் எறியாமல், நாய் தோண்டாத ஆழத்தில் பிள்ளைகளைக் கொண்டே புதைக்கலாம். பெட்டியையும் துணியையும் அப்புறப்படுத்தி, நால்வர் கையையும் சோப்பிட்டுக் கழுவச் செய்தபின் அவர்களை வீட்டுக்கு அனுப்பலாம்.